சுண்டெலிக்கு வலப்பக்கம் பிடிக்கவில்லை

போன வாரம் பாப்பாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? பல் லேப் வாசலில். "பழைய மேஜைக்கே வர்றியாம்மா, இல்ல முன்பக்கம் உட்கார்ந்து பல் டாக்டர்ங்க அனுப்புற டப்பா வாங்கி டப்பா கொடுக்கிற வேலையைப் பார்க்கிறியா? திங்கட்கிழமை சொல்லிடு" என்று லேப் அம்மா, அதாவது முதலாளியம்மா, கேட்க, "சொல்றேன்மா" என்று தலையாட்டிவிட்டு வந்தாளே, அந்த இடத்தில்.

வந்தவள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பாப்பா என்றதும் சின்னக் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பதைத் தாண்டி, கல்யாணமும் ஆனவள். அப்பா கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மெழுகில் பல் செதுக்குவது அவளுடைய தொழில். சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு, மேல் பல்லும் கீழ் பல்லும் சரியாகக் கடிக்கிற மாதிரி, இடப்பக்கத்துக்கு வலப்பக்கம் பிசகாமல் செதுக்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள அந்த லேபில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவள் திரை மாட்டுகிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி, விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னால் போதுமா? கை சொல்ல வேண்டாமா?

கை சொன்னது வேறு. அதுவும் பந்தய மைதானத்தில்.

இந்தக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பந்தயம்தான். ரிமோட்டில் ஓடுகிற, முழங்கை நீளப் பந்தய வண்டி. பட்டன் பட்டனாக முள் வைத்த டயர், நாலு பக்கமும் குலுக்கல் தாங்க எண்ணெய் ஊற்றிய ஷாக், நடுவில் ஒரு மோட்டார். மண் மேட்டில் ஏறி ஆளுயரம் துள்ளும். அந்த வண்டிக்கு அப்பா வைத்த பெயர் சுண்டெலி. ஓட்டுவது பாப்பா. பழுது பார்ப்பது அப்பாவும் மாப்பிள்ளையும். மைக்கில் அறிவிப்பது அம்மா.

சுண்டெலி இப்போதெல்லாம் இடப்பக்கம் அழகாகத் திரும்புகிறது. வலப்பக்கம் என்றால் மட்டும் மாட்டேன் என்கிறது. ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி இடது கையில் பிடித்து, அதன் பக்கவாட்டில் இருக்கும் பஞ்சு சுற்றிய சின்னச் சக்கரத்தை வலது கையால் உருட்ட வேண்டும். பின்னால் இழுத்தால் இடது, முன்னால் உருட்டினால் வலது. முன்னால் உருட்டும்போதுதான் உடைந்த மணிக்கட்டு மடங்கும். அங்கேதான் வண்டி திரும்பாமல் நேரே போய்க் குழாயில் முட்டுகிறது.

பாப்பாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கை போய்விட்டது என்று நினைத்தாள். இன்றைக்கு ஒரு நாள் பார்ப்பது, வலது திருப்பம் வந்தால் பழைய மேஜை, வராவிட்டால் முன்பக்க நாற்காலி என்று மனசுக்குள் பந்தயம் கட்டியிருந்தாள். வண்டி திரும்புவதற்கும் பல் செதுக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பயந்துபோனவர்கள் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும்.

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, தட்டிக் கெட்டிப்படுத்திய தடம். ஓரமெல்லாம் வளைத்துப் போட்ட பிளாஸ்டிக் குழாய். ஓட்டுகிறவர்கள் நிற்க மரத்தில் ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக மேஜைகள். எங்கு பார்த்தாலும் ஒயர், டயர், டீ டம்ளர்.

"அன்பார்ந்த பார்வையாளர்களின் கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கியது. அம்மாவுக்கு வாரம் முழுக்க ரயில் நிலையத்தில் அறிவிப்பு வேலை. ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குரல் மாறாது. "முதல் சுற்றுக்கான வண்டிகள் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். சொந்தக்காரர்கள் தத்தம் பேட்டரியைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"ஒங்கம்மாவுக்கு வீட்டுலயும் இதே குரல்தான்" என்றார் அப்பா, சுண்டெலியின் வயிற்றைப் பிரஷ்ஷால் துடைத்தபடி. "சாப்பாடு மூன்றாவது தட்டில் வந்துகொண்டிருக்கிறதுங்கிறா."

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். எதையும் ஸ்பேனரால் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். மாப்பிள்ளை காது மிஷின் பொருத்துகிறவர். எதையும் மெல்ல, பொத்தானை ஒரு தட்டுத் தட்டி, "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டுத் தீர்க்கிறவர். இருவரும் ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை இருக்கிறதே, அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

"மாமா, தடம் காஞ்சு தூசி கிளம்புது. முன் டயர் கொஞ்சம் மெத்துனு இருக்கறதப் போடலாமா?"

"நீங்க சொன்னா சரிதான் மாப்ளே."

"இல்ல மாமா, நீங்க வேற நினைச்சிருந்தா..."

"நான் முன் ஸ்பிரிங்க மாத்தலாம்னு பார்த்தேன். டயரே போதும், விடுங்க."

"அய்யோ மாமா, ஸ்பிரிங்கே மாத்துங்க. அதான் சரி."

"ரெண்டையும் மாத்துங்களேன், என் உயிரை வாங்காம" என்றாள் பாப்பா.

அவள் ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து தடுப்பார்கள். கட்டுப் பிரித்ததிலிருந்து இதே கதைதான். ரிமோட்டை ஆன் செய்து அவள் கையில் கொடுப்பது மாப்பிள்ளை. வண்டியைக் கொண்டுபோய்க் கோட்டில் வைப்பது அப்பா. மகாராணி மாதிரி மேடையில் ஏறி நிற்பதுதான் அவளுக்கு மிச்சம்.

முதல் சுற்றில் சுண்டெலி நன்றாகத்தான் கிளம்பியது. நேர்த் தடத்தில் அம்பு மாதிரி போயிற்று. முதல் மேட்டில் துள்ளி, நாலு காலும் ஒன்றாகத் தரையில் பட இறங்கியது. இடது திருப்பம், இன்னொரு இடது, எல்லாம் வெண்ணெய். அப்புறம் வந்தது கிடங்குச் சுவர் ஓரத்து வலது மூலை.

பாப்பா சக்கரத்தை உருட்டினாள். இன்னும் உருட்டினாள். மணிக்கட்டு போகிற அளவுக்குப் போனது. வண்டி அரை மனசாகத் திரும்பி, அகலமாகப் போய், குழாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சுண்டெலி என்னும் வண்டி, வலது மூலையில் தடம் விலகிக் குழாயின் மீது நின்றுகொண்டிருக்கிறது" என்றாள் அம்மா மைக்கில். "சிரமத்திற்கு வருந்துகிறோம்."

மைதானமே சிரித்தது. பாப்பாவும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள்.

மேஜைக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா ஒவ்வொரு ஷாக்காக அழுத்தி அழுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை முன் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். எண்ணெயை மெலிசாக்கலாம் என்றார் ஒருவர். பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் முன்பக்கம் கனம் ஏறி டயர் மண்ணை நன்றாகக் கடிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் செய்தார்கள்.

ஒருவர்கூட அவள் கையைப் பற்றிப் பேசவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏதாவது கேட்டால் பதிலாவது சொல்லலாம். கேட்காமலே பார்க்கிறார்களே!

இரண்டாம் சுற்றில் அதைவிட மோசம். வலது மூலையில் மூன்று முறை முட்டி, மூன்றாவது முறை சுண்டெலி தலைகுப்புறக் கவிழ்ந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கச் சுழன்றது. பின்னால் வந்த ஐஸ்காரரின் மஞ்சள் வண்டி அதன் வயிற்றின் மேல் ஏறித் தாண்டிப் போயிற்று. ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிற அவருக்கு இந்தத் தடத்தில் ஒரே எதிரி பாப்பாதான். அவர்கூட இன்று கேலி பேசாமல், "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று மேடையிலேயே விசாரித்தார். எதிரி பரிதாபப்பட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"வலிக்குதா?" என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"இல்ல."

"ஐஸ் வாங்கிட்டு வரேன், இரு."

"வலிக்கலைங்கறேன்ல?"

அவர் அதற்குள் ஐஸ்காரரின் ஐஸ் பெட்டியை நோக்கிப் போய்விட்டார். அப்பாவும் இல்லை. ஒரு பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு மூலையில் நின்று, கவிழ்கிற வண்டிகளைத் தூக்கிவிட வேண்டும் என்பது மைதானத்து வழக்கம். பாப்பாவின் முறைக்கு அப்பா போயிருந்தார். மகளை வெயிலில் நிற்க வைப்பாரா!

மேஜையில் பாப்பாவும் சுண்டெலியும் மட்டும்.

போனை எடுத்து லேப் அம்மாவின் எண்ணைத் திறந்தாள். திங்கட்கிழமை வரை எதற்கு? முன்பக்க நாற்காலியே போதும் என்று இப்போதே சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. அவளுக்கு அந்தக் கத்தியும் மெழுகு வாசனையும் அவ்வளவு பிடிக்கும். யாரோ முகம் தெரியாத ஒருவர் தான் செய்த பல்லை வைத்துக்கொண்டு எங்கோ ஓர் ஊரில் சிரிப்பதை நினைத்துப் பார்க்கப் பிடிக்கும். டப்பா வாங்கி டப்பா கொடுக்கிற இடத்தில் அது கிடையாது.

போனைக் கீழே வைத்தாள். கடைசியாக ஒரு தடவை கையைப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

சுண்டெலியைத் தூக்கி, சக்கரங்கள் தரையில் படாதபடி கட்டையின் மேல் வைத்தாள். மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரிமோட்டை ஆன் செய்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு தன் கையால் செய்கிறாள். மணிக்கட்டையே முறைத்துப் பார்த்தபடி பஞ்சுச் சக்கரத்தை முன்னால் உருட்டினாள்.

போயிற்று. கடைசி வரை போயிற்று. அதற்கு மேல் உருள வழியில்லாமல் சக்கரம் முட்டி நின்றது. வலி இல்லை, நடுக்கம் இல்லை.

அப்போதுதான் அவள் பார்வை கையிலிருந்து வண்டிக்குப் போனது.

முன் டயர்கள் வலப்பக்கம் பாதிதான் திரும்பியிருந்தன.

பின்னால் இழுத்தாள். இடப்பக்கம் முழுசாக மடங்கின. மறுபடி முன்னால். பாதி. மறுபடி பின்னால். முழுசு. வருஷக்கணக்காக இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டே பிழைத்த கண்ணுக்கு இதைவிடப் பளிச்சென்று என்ன வேண்டும்? கை கடைசி வரை போகிறது. வண்டிதான் போகவில்லை.

"அடிப் பாவி எலியே!" என்றாள் சத்தமாக.

மேல் மூடியைக் கழற்றினாள். முன்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி மோட்டார் உண்டு. சர்வோ என்பார்கள். ரிமோட் சொல்வதைக் கேட்டுச் சக்கரத்தைத் திருப்புவது அதுதான். அதன் தலையில் இருக்கிற சின்னக் கை, ரிமோட்டைத் தொடாதபோது நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். அது இப்போதே வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பாதி தூரம் ஏற்கெனவே போய்விட்டது. அப்புறம் மிச்சம் பாதிதானே போகும்?

அந்தக் கையைச் சக்கரத்தோடு சேர்க்கிற ராடைப் பார்த்தாள். திருகித் திருகி நீளமாக்கப்பட்டு, மரை வெளியே தெரிந்தது. ரிமோட்டின் குட்டித் திரையைப் பார்த்தாள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் நேராக்குவதற்கு ட்ரிம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய ட்ரிம் கோடு வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிமோட்டில் யாரோ வலப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். ராடில் யாரோ இடப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வண்டி நேராக ஓடுகிறது. வலது திருப்பம் மட்டும் செத்துவிட்டது.

யார் அந்த யாரோ என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை. பொத்தான் ஆசாமி ஒருவர், ஸ்பேனர் ஆசாமி ஒருவர்.

பொத்தான் ஆசாமி ஒரு பையில் ஐஸ்கட்டியோடு வந்து நின்றார். மூலையில் வேலை முடிந்து ஸ்பேனர் ஆசாமியும் வந்தார். மகள் முகத்தைப் பார்த்து என்னவோ ஏதோ என்று அறிவிப்பு மேஜையை விட்டு அம்மாவும் ஓடிவந்தாள், கையில் ஒயரில்லாத மைக்கோடு.

"இதை யாரு வலப்பக்கம் தள்ளினது?" பாப்பா ரிமோட்டை நீட்டினாள்.

மாப்பிள்ளை ஐஸ் பையைப் பார்த்தார். "ரெண்டு தட்டுதான் தட்டினேன்."

"ரெண்டா?"

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு."

"எதுக்கு?"

"ஒனக்கு வலது திருப்பம் கஷ்டமா இருந்துச்சுல்ல. வண்டியே கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருந்தா கைக்கு வேலை கம்மியாகும்னு..." அவர் குரல் தேய்ந்தது. "சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல."

"அப்படியா? அப்பா, நீங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "வண்டி நேர்த் தடத்துல வலப்பக்கமா இழுத்துச்சு பாப்பா. ஒன் கைதான் தாங்க முடியாம சாயுதுன்னு நினைச்சேன். ராட ஒரே ஒரு சுத்து நீட்டி விட்டேன், நேரா ஓடட்டும்னு."

"ஒரே ஒரு சுத்தா?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

பாப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் வலப்பக்கம் தட்டுவார். வண்டி இழுக்கும். அவர் இடப்பக்கம் திருகுவார். வலது திருப்பம் இன்னும் குறையும். அடடா, பாவம் என்று இவர் மறுபடி தட்டுவார். அவர் மறுபடி திருகுவார். வாராவாரம் இந்தத் திருப்பணி நடந்திருக்கிறது. மாமா செய்ததில் குறை சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வராது. மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்க மாமாவுக்கு மனசு வராது.

"ஆக, என் கை போச்சுன்னு ரெண்டு பேரும் முடிவே பண்ணிட்டீங்க!"

என்ன இது, குரல் மைதானம் முழுக்க முழங்குகிறதே என்று அவள் ஒரு கணம் குழம்பினாள். கோபத்தில் யார் கவனித்தார்கள்? மேலே பேசினாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன் தெரியுமா? ராத்திரியெல்லாம் கையைத் தடவிட்டே படுத்திருந்தேன். லேப் அம்மா நாளைக்குள்ள முடிவு கேட்டிருக்காங்க. இனிமே செதுக்க வரமாட்டேன், முன்பக்கமே உட்கார்றேன்னு இப்பச் சொல்ல இருந்தேன். ஒங்க பாசத்தால என் வேலை போயிருக்கும்!"

"அப்பாடி, கை நல்லாத்தான் இருக்கா? நான் பயந்தே போயிட்டேன்!" என்று தூரத்திலிருந்து ஐஸ்காரரின் குரல் வந்தது.

மூன்று பேரும் திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தார்கள். மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லி அம்மா அதை அணைத்தாள். மைதானம் கொல்லென்று சிரித்தது. பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கு ஒழுகி, மாப்பிள்ளை நீட்டிய ஐஸ் பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லேப்ல அப்படியா கேட்டாங்க? எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று அம்மா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்குக்கூடச் சொல்லலையே" என்று மாப்பிள்ளையின் முகம் வாடியது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டயரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் சொல்லலதான்" என்றாள் பாப்பா. கோபம் இறங்கிவிட்டது. "ஒங்களச் சொல்லி என்ன பண்றது. நாம எல்லாரும் ஒரே ரகம்."

"இனிமே யாரும் சொல்லாம எதையும் தொடக்கூடாது" என்றாள் அம்மா நிலைய அறிவிப்புக் குரலில். "மாப்பிள்ளையும் சரி, மாமாவும் சரி. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா" என்றார் மாப்பிள்ளை.

"ம்" என்றார் அப்பா.

கடைசிப் பந்தயத்துக்கு அதிக நேரம் இல்லை. பாப்பா கையை நீட்டினாள். "ஸ்க்ரூ டிரைவர்."

இரண்டு பேரும் வழக்கம்போல் பாயப் போனார்கள். அம்மா பார்த்த பார்வையில் அப்படியே நின்றார்கள்.

ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்தாள். சர்வோ மெல்ல முனகி நிமிர்ந்தது. அதன் தலைக் கையைக் கழற்றி, நேராக நிறுத்தி, மறுபடி மாட்டினாள். அரிசி அளவு ஸ்க்ரூ. அதைத் துளையில் பொருத்தித் திருகும்போது டிரைவரின் நுனி ஆடவேயில்லை. மாப்பிள்ளை அதைக் கவனித்தார். அவளும் கவனித்தாள். ராடைத் திருகித் திருகிக் குறுக்கி, இரண்டு முனையிலும் மரை ஒரே அளவு தெரிகிற மாதிரி வைத்தாள். ரிமோட்டை உருட்டினாள். இடப்பக்கம் முழுசு. வலப்பக்கமும் முழுசு.

"எங்க டெப்போவுக்கு வந்துடறியா பாப்பா?" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க வேலை பார்க்கிற இடத்துக்கா? அந்த பஸ்ஸெல்லாம் எந்தப் பக்கம் திரும்புதோ!"

மேடையில் ஏறினாள். தடத்தில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டு சுற்றும் சொதப்பியதால் சுண்டெலிக்குக் கடைசி வரிசை. வலது மூலையில் மாப்பிள்ளை போய் நின்றுகொண்டார்.

பந்தயம் கிளம்பியது. நேர்த் தடம், மேடு, இடது, இடது. இதோ வலது மூலை. பாப்பா பழகிய பழக்கத்தில் சக்கரத்தைக் கடைசி வரை உருட்டினாள்.

சுண்டெலி வெடுக்கென்று மடங்கி, உள்பக்கக் குழாயில் மோதி, இரண்டு குட்டிக்கரணம் அடித்து, மாப்பிள்ளையின் காலடியில் போய் மல்லாந்தது.

"சுண்டெலி என்னும் வண்டி" என்று அம்மாவின் குரல் கம்மியது, "இம்முறை எதிர்ப்பக்கத்துக் குழாயில் மோதியிருக்கிறது."

மாப்பிள்ளை அதைப் புரட்டிப் போட்டுவிட்டு, மேடையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் இந்த மனுஷன் என்று நினைத்த அதே நொடியில் பாப்பாவுக்கும் புரிந்துவிட்டது. அதிகமாகத் திரும்பிவிட்டது! இத்தனை வாரமும் பாதி திரும்பும் வண்டியை வைத்துக்கொண்டு கை இரண்டு பங்கு உழைத்திருக்கிறது. மடங்காது என்று நினைத்த மணிக்கட்டு, வாராவாரம் கடைசி வரை மடங்கி மடங்கியே தேறியிருக்கிறது. யாரும் இப்படி ஒரு பயிற்சியைத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்க முடியாது.

அடுத்த முறை வலது மூலையில் சக்கரத்தை மெல்ல, பாதிதான் உருட்டினாள். சுண்டெலி உள் குழாயை உரசாமல், ஒட்டினாற்போல் வளைந்து போயிற்று. அதற்கடுத்த முறை இன்னும் வேகம். மேடையில் பக்கத்தில் நின்றவரின் வண்டியைத் தாண்டினாள். இன்னொன்றைத் தாண்டினாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். ரொம்ப நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

கடைசி வட்டத்தில் முன்னால் மஞ்சள் வண்டி தெரிந்தது. வலது மூலையில் ஐஸ்காரர் எப்போதும் கொஞ்சம் அகலமாகப் போவார். சுண்டெலி உட்பக்கம் மூக்கை நுழைத்தது.

"வராதே, வராதே, வராதே!" என்று கத்தினார் ஐஸ்காரர்.

"வந்தாச்சுண்ணே" என்றாள் பாப்பா.

நாலாவது இடம். கோப்பை கிடையாது, பரிசு மேடையில் ஏற்றுவது கிடையாது. ஆனாலும் அம்மா மைக்கில், "சுண்டெலி சரியான பாதையில், சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது" என்று அறிவித்துவிட்டு, பார்வையாளர்களைப் பற்றிக் கவலைப்படாமல் மூக்கை உறிஞ்சினாள். ஐஸ்காரர் வந்து, "இனிமே ஒனக்குப் பரிதாபமே படமாட்டேன் போ" என்று கை கொடுத்தார். பாப்பா வலது கையைத்தான் கொடுத்தாள். அழுத்தியே கொடுத்தாள்.

மூட்டை கட்டுகிற நேரம். மாப்பிள்ளை பேட்டரிகளைப் பெட்டியில் அடுக்கினார். அப்பா ஏதோ முணுமுணுவென்று பாடியபடி சுண்டெலியின் தூசியைத் தட்டினார். பாப்பா சற்றுத் தள்ளிப் போய் லேப் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான்தான். நாளைக்கு வரேன். பழைய மேஜைக்கே வரேன்."

"கை?"

"கை நல்லா இருக்கும்மா. நிஜமா நல்லா இருக்கு."

"எனக்குத் தெரியும். கத்தியெல்லாம் தீட்டி வச்சாச்சு" என்றாள் லேப் அம்மா. அவள் பேச்சு எப்போதும் அளந்துதான் வரும். அதில் இவ்வளவு சந்தோஷத்தைப் பாப்பா கேட்டதில்லை. மனசு நிறைந்துபோய் நன்றி சொல்லப் போனவளை மறுமுனை நிறுத்தியது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வா."

"அப்பாவா? எதுக்கும்மா?"

"ஒங்கிட்டச் சொல்லலையா? செவ்வாய்க்கிழமை வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரே. ஒன் வேலையைப் பத்தி அவர் கேட்டுட்டுப் போனதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. நேர்லயே சொல்லிடறேன், வரச் சொல்லு."

போன் அடங்கியது. பாப்பா மெல்லத் திரும்பினாள். தகரக் கூரைக்கு அடியில் அப்பா நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தார். கையில் பிரஷ். மடியில் சுண்டெலி.

"அப்பா!"

பாட்டு நின்றது.

"இன்னும் எங்கெல்லாம் போய்த் திருகி வச்சிருக்கீங்க?"